கம்பெனிக்காரன் பாதிதான் கொடுப்பான்

அவர் வீட்டில் கடையிலிருந்து வந்தபடியே இருந்த பொருள் ஒன்றுகூடக் கிடையாது. குக்கர் கைப்பிடியை அவர் கைக்குத் தகுந்த மாதிரி செதுக்கியிருப்பார். சாப்பாட்டு மேஜையின் நான்கு கால்களிலும் ஒரு சாண் குறைந்திருக்கும். குழந்தையைத் தள்ளிக்கொண்டு போகிற ஸ்ட்ரோலரின் அடியில் இரும்புக் கம்பியை வளைத்து ஒரு பலகை வைத்திருந்தார். மௌரி அவென்யூ மளிகைக்கடையில் வாங்கும் இருபது பவுண்டு அரிசி மூட்டை அதில் ஜம்மென்று உட்கார்ந்து வரும், மேலே குழந்தை உட்கார்ந்து வரும். என்ன இதெல்லாம் என்று கேட்டால் ஒரே பதில்தான்.

"கம்பெனிக்காரன் பாதிதானுங்கண்ணா குடுப்பான். மீதி நம்ம வேலை."

தொண்ணூற்றேழில் ஃப்ரீமான்ட்டில் நான் குடியிருந்த அபார்ட்மென்ட்டில் எனக்கு நேர் மேல்வீடு அவருடையது. கணவர் என் ஆபீஸில்தான் வேலை பார்த்தார், பரம சாது. இவர் டிப்ளமோ மெக்கானிக்கல் படித்தவர். ஆனால் கணவர் விசாவில் ஒட்டிக்கொண்டு வந்தவர் என்பதால் அமெரிக்காவில் வேலை பார்க்க அனுமதி இல்லை. அனுமதி இல்லாததெல்லாம் சம்பளம் வாங்குகிற வேலைக்குத்தான் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

அவர் சொன்ன 'பாதி' தத்துவம் இல்லை, குடும்பத் தொழில். ஊர் கரூர். அப்பாவுக்கு பஸ் பாடி கட்டுகிற பட்டறை. கம்பெனியிலிருந்து எஞ்சின், சக்கரம், ஸ்டியரிங், கீழே இரண்டு நீள இரும்புச் சட்டம், அவ்வளவுதான் வருமாம். டிரைவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு மொட்டை வெயிலில் அதை ஓட்டிக்கொண்டு வந்து பட்டறையில் விட்டுவிட்டுப் போவார். கூரை, சீட்டு, ஜன்னல், ஏணி எல்லாம் கரூரில்தான். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவருக்கு முழு காராக ஷோரூமில் நிற்கும் காரைப் பார்த்தால்கூட, இன்னும் வேலை பாக்கி இருக்கிறது என்றுதான் தோன்றும்.

இதனால் அவர் ஒரு தடவை மாட்டிக்கொண்டதும் உண்டு. அபார்ட்மென்ட் மேனேஜர் அம்மாள், வெள்ளைக்காரி, ஒரு விருந்தில் அவர் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டாள். இவர் கம்பீரமாக, "மை ஃபாதர் இஸ் பாடி பில்டர்" என்றார். வயசு என்ன என்றாள். அறுபத்தெட்டு என்றார். இன்னுமா செய்கிறார் என்றாள். "டெய்லி! மார்னிங் டு ஈவ்னிங்! ஃபார்ட்டி பீப்பிள் அண்டர் ஹிம்!" அந்த அம்மாள் வாயைப் பிளந்தது பெருமையால்தான் என்று இவர் நினைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்தபிறகு கணவர் மெதுவாக விஷயத்தை விளக்கினார். இவர் அசரவில்லை.

"பாடி கட்டறவரை பாடி பில்டர்னு சொல்லாம பாடி டெய்லர்னா சொல்லுவாங்க?"

இந்த மனுஷியின் கையில் போய்ச் சேர்ந்தன அந்தப் பத்திரிகைகள். பின்தெருவில் ஒரு வீட்டைக் காலி செய்தபோது வாசலில் மூன்று அட்டைப்பெட்டி நிறையப் பழைய கார் பத்திரிகைகளை வைத்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தார்கள். ஸ்ட்ரோலரில் மூன்று நடை கொண்டுவந்து சேர்த்தார். எல்லாம் ஹாட் ராட் பத்திரிகைகள். யாரோ ஓட்டித் தீர்த்துக் கழித்துப்போட்ட அரதப்பழசு ஃபோர்டு, ஷெவி எதையாவது வாங்கி, கூரையை வெட்டித் தணித்து, வேறொரு காரின் பெரிய எஞ்சினைத் தூக்கி உள்ளே வைத்து, வழவழவென்று பெயின்ட் அடித்துப் பறக்கவிடுவது இந்த ஊர்ப் பையன்களின் பைத்தியம். அந்தப் பைத்தியத்துக்கு வேதம் இந்தப் பத்திரிகைகள்.

அவற்றில் ஒரு சங்கடம் இருந்தது. அட்டையில் ஒரு கார் இருக்கும். காரின் மேல் ஒரு பெண் இருப்பாள். பெண்ணின் மேல் அதிகமாக ஒன்றும் இருக்காது. அந்த மாதம் பார்த்து ஊரிலிருந்து மாமியார் வருவதாக இருந்தது. இவர் ஒரு மத்தியானம் உட்கார்ந்து அத்தனை பத்திரிகைகளின் அட்டையையும் முதல் இரண்டு தாள்களையும் சேர்த்துக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டார்.

"அத்தை பாத்தா, மகன் படிக்கற புக்குன்னு நெனச்சுக்குவாங்க. அவரு பாவமுங்க, வாயத் தொறந்து இல்லைன்னுகூடச் சொல்லமாட்டாரு."

மற்றபடி அந்தப் புத்தகங்களை அவர் படித்த மாதிரி நான் பரீட்சைக்குக்கூடப் படித்ததில்லை. எனக்குக் கார் என்றாலே எரிச்சல். ஏன் என்று பிறகு சொல்கிறேன். ஆனாலும் அவர் விடமாட்டார். குழந்தை தூங்கியதும் ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு கீழே வந்து, என் வீட்டு வாசல்படியில் உட்கார்ந்து பக்கத்தைத் திருப்பிக் காட்டுவார். கூரையை வெட்டுவதற்குப் பன்னிரண்டு படம். முதல் படத்தில் சாக்கட்டிக் கோடு, கடைசிப் படத்தில் வேலை முடிந்த கார். நடுவில் எந்த இடத்தில் வெட்டினால் கண்ணாடி உடையும், முதல் தடவை நான் எப்படிச் சொதப்பினேன் என்று செய்தவனே எழுதியிருப்பான்.

"இங்க பாருங்கண்ணா. எங்கூருல மேஸ்திரி தொழில் சூட்சுமத்தப் பெத்த மகனுக்குக்கூட முழுசாச் சொல்லமாட்டாரு. கடைசி நுணுக்கத்த மட்டும் மடியிலயே முடிஞ்சு வச்சுக்குவாரு. இவனுங்க பாருங்க, போட்டோ புடிச்சு ஊருக்கே சொல்லிக் குடுக்கறானுங்க. எங்கயோ பட்டிக்காட்டுல இருக்கற ஒருத்தன் இதப் பாத்துக் கார் கட்டி, அவன் போட்டோவ இவனுங்களுக்கே அனுப்பறான். அத அடுத்த மாசம் போடறானுங்க. அப்பறம் ஏன் இந்த ஊரு கார் பைத்தியமா ஆகாது?"

நான் சும்மா தலையாட்டினேன். இப்போது யோசித்தால், எந்தக் கார் சரித்திரப் புத்தகமும் இதைவிடத் தெளிவாகச் சொல்லவில்லை.

என் எரிச்சலுக்கு வருகிறேன். எனக்கு இரண்டு வயதில் போலியோ. வலது காலுக்கு இரும்புக் கம்பி பூட்டிய கேலிப்பர், இடது கால் நிற்பதற்கு மட்டும் உதவும். சென்னையில் பின்னால் இரண்டு உபரிச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் ஊரையே சுற்றியவன். அமெரிக்கா வந்து இறங்கியதும் நான் ரைடு கேட்கிறவனாக ஆனேன். ஆபீஸுக்கு ரைடு, மளிகைக்கு ரைடு, முடிவெட்டிக்கொள்ள ரைடு. கேட்டுக் கேட்டு என் குரலே மாறிவிட்டிருந்தது. மேல்வீட்டுக்காரர், அதாவது அவர் கணவர், தினமும் முகம் சுளிக்காமல் என்னை ஏற்றிக்கொண்டு போனார். அவர் முகம் சுளித்திருந்தால்கூடத் தேவலை என்று எனக்குத் தோன்றும்.

அந்த வருஷக் கடைசியில் ஒரே வாரத்தில் இரண்டு செய்தி வந்தது. மார்ச்சில் எங்கள் ஆபீஸ் மலைக்கு அந்தப் பக்கம் போகிறது. அங்கே பஸ்ஸும் கிடையாது, ரயிலும் கிடையாது. மேல்வீட்டுக்காரருக்கு சான் ஹோசேயில் வேறு வேலை. அதாவது மார்ச்சுக்குள் நானே கார் ஓட்ட வேண்டும், இல்லையென்றால் வேலை போகும், வேலையோடு விசாவும் போகும். கைகளால் ஓட்டும்படி காரை மாற்றிக் கொடுக்கும் கடைகள் உண்டு என்று கேள்விப்பட்டிருந்தேன். விசாரிக்கவில்லை. விசாரித்தால் யாராவது என் காலைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார்கள், அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. ஊருக்குப் போய்விடுவதென்று முடிவுசெய்தேன்.

அதை அவர் மனைவியிடம் சொன்னபோது, அய்யோ பாவம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"அண்ணா, மெட்ராஸ்ல அந்த ஸ்கூட்டருக்கு சைடு வீலு யாருங்க வச்சது? கம்பெனிக்காரனா?"

"இல்ல. புதுப்பேட்டைல ஒரு மெக்கானிக்."

"அப்ப ஸ்கூட்டருக்கு ஒரு நாயம், காருக்கு ஒரு நாயமா? கம்பெனிக்காரன் என்ன உங்க காலப் பாத்தா பெடல் வச்சான்?"

நான் கதவைச் சாத்திக்கொண்டேன். என் குணம் அப்படி.

பத்து நாள் கழித்து வந்தார். கையில் அட்டையில்லாத ஒரு புத்தகம், ஒரு காகிதம். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் மூன்று வரி விளம்பரம். போரில் கால் இழந்த ஒருவர் கைகளால் கார் ஓட்ட ஒரு கருவி செய்திருக்கிறார், எந்தக் காருக்கும் பொருந்தும், ஸ்டாம்ப் ஒட்டிய கவர் அனுப்பினால் வரைபடம் அனுப்புவார். ஸ்டாக்டன் பக்கம் ஏதோ ஒரு சின்ன ஊர் முகவரி. காகிதம், அவர் ஏற்கெனவே எழுதிப் போட்டுவிட்ட கடிதத்தின் நகல். என் உயரம் போட்டிருந்தது. இரண்டு காலின் நிலைமையும் போட்டிருந்தது. கைகள் நல்ல பலம் என்றும், ஆனால் கோபம் அதிகம் என்றும் போட்டிருந்தது. கடைசியில், 'நான் ஒரு பாடி பில்டரின் மகள், ஆகவே நீங்கள் அனுப்புகிற வரைபடம் எனக்குப் புரியும்.'

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது.

"என் காலைப் பத்தி ஊர் பேர் தெரியாத ஆளுக்கு லெட்டர் போடுங்கன்னு நான் உங்களைக் கேட்டேனா?"

"கேக்கலீங்க."

"அப்புறம்?"

"கேட்டா வேண்டாம்னு சொல்லியிருப்பீங்க."

புத்தகத்தைப் பிடுங்கிப் பார்த்தேன். முகவரியில் ஊர் இருந்தது, மாநிலம் இருந்தது, அஞ்சு இலக்கத் தபால் எண் இல்லை. அது இந்த நாட்டில் வந்தே முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

"இது எப்பப் போட்ட புக்குன்னு தெரியுமா? நீங்க நடக்கப் பழகறதுக்கு முன்னாடி போட்டது. அந்த ஆள் செத்துப் புல்லு முளைச்சிருக்கும். போங்க, போய் வேற யாரையாவது ரிப்பேர் பண்ணுங்க."

அவர் முகம் விழுந்துவிட்டது. "புக்கு பூரா பழைய காரா இருக்குதுங்கண்ணா. எந்த வருசத்துப் புக்குன்னு எப்படிங்க தெரியும்?" என்றார் மெல்ல. அது நிஜம்தான். அறுபதில் வந்த ஹாட் ராட் பத்திரிகையிலும் முப்பத்திரண்டாம் வருஷத்து ஃபோர்டுதான் இருக்கும், தொண்ணூறில் வந்ததிலும் அதேதான் இருக்கும். தேதி போட்டிருந்த தாள்கள் மாமியாருக்குப் பயந்து குப்பைக்குப் போயிருந்தன. ஆனால் அன்றைக்கு அதையெல்லாம் யோசிக்கிற மனநிலையில் நான் இல்லை. அவர் படியேறிப் போகும் சத்தம் கேட்டது. அப்புறம் மூன்று வாரம் பேச்சில்லை. நான் சாமான்களை ஒவ்வொன்றாக நண்பர்களுக்குக் கொடுக்க ஆரம்பித்தேன்.

ஜனவரியில் ஒரு நாள் கதவு தட்டப்பட்டது. அவர்தான். ஒரு கவரை நீட்டினார். அந்த விளம்பரக்காரர் பென்சிலில் எழுதிய கடிதம். சின்ன ஊர் என்பதால் தபால்காரருக்கு இன்னும் ஆளைத் தெரிந்திருக்கிறது. அந்த விளம்பரத்துக்குப் பதில் வந்து இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறதாம். வரைபடம் எங்கே வைத்தார் என்று அவருக்கே நினைவில்லையாம், அதனால் நேரில் வருகிறேன் என்று எழுதியிருந்தார். பாடி பில்டரின் மகளைப் பார்க்கவும் ஆவலாக இருக்கிறதாம்.

நான் இரண்டு தடவை படித்தேன்.

"நான் அன்னைக்குப் பேசினது தப்பு," என்றேன்.

"கோவம் அதிகம்னுதான் முன்னாடியே எழுதிட்டேனுங்களே," என்றார்.

சனிக்கிழமை கறுப்பாக, தாழ்வாக, தரையைத் தடவிக்கொண்டு ஒரு கார் உறுமியபடி வந்து நின்றது. அபார்ட்மென்ட்டே பால்கனிக்கு வந்துவிட்டது. எழுபது வயசு தாண்டிய வெள்ளைக்காரர், இரண்டு காலும் முழங்காலுக்குக் கீழே இல்லை. சுற்றுமுற்றும் பார்த்து, பாடி பில்டரின் மகள் எங்கே என்றார். சுடிதார் போட்டு, இடுப்பில் குழந்தையோடு ஐந்தடி உயரத்தில் நின்றவரைக் காட்டினோம். அவர் மேலும் கீழும் பார்த்தார். இவர் உள்ளே போய், ஒரு தாளில் பஸ் வரைந்து எடுத்துவந்து, பாடி என்றால் என்ன என்று விளக்கினார். கிழவர் சிரித்த சிரிப்பில் அவர் தொப்பி கீழே விழுந்தது.

என்னைப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு ஓட்டிக் காட்டினார். ஸ்டியரிங்குக்கு இடது பக்கம் ஒரு கைப்பிடி. அதிலிருந்து இரண்டு கம்பிகள் பெடல்களுக்குப் போகின்றன. முன்னால் தள்ளினால் பிரேக், கீழே அழுத்தினால் வேகம். அவ்வளவுதான். ராணுவ ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, யாரோ போட்டுவிட்டுப் போன கார் பத்திரிகையில் படம் பார்த்துத்தான் அவருக்கே இதற்கான யோசனை வந்ததாம். அதனால் கருவியை அவர் யாருக்கும் விற்றதில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் வரைந்து அனுப்பினாராம். நான் கையை வைத்துப் பார்த்தேன்.

மேல்வீட்டுக்காரர் தன் பழைய காரை எனக்கே கொடுத்தார். அடுத்த சனிக்கிழமை கிழவர் கருவியைச் செய்து கொண்டுவந்து பூட்டினார். நான் உட்கார்ந்து பிடித்தேன். பிரமாதம் என்றேன். எல்லாரும் கைதட்டினார்கள். இவர் மட்டும் பின்சீட்டிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "அண்ணன் தோளத் தூக்கறாரு," என்றார்.

"இல்லம்மா, சரியா இருக்கு."

"இல்லீங்க. ஒண்ணரை இஞ்சு நீளம் ஜாஸ்தி. மலைமேல ஒரு மணி நேரம் ஓட்டுனா கை மரத்துப்போகும்." கிழவரிடம் திரும்பி, "சார், யுவர் ஹேண்ட் இஸ் லாங். ஹிஸ் ஹேண்ட் இஸ் மெட்ராஸ் ஹேண்ட்," என்றார்.

எத்தனையோ பேருக்கு இந்த அளவில்தான் வரைந்து அனுப்பியிருக்கிறேன், ஒருவரும் குறை சொன்னதில்லை என்றார் கிழவர், கொஞ்சம் கடுப்பாகவே. தேடிவந்து உதவி செய்கிற மனுஷனிடம் போய் இப்படியா? ஆனால் இவருக்கு அந்தக் கிழவரும் ஒரு கம்பெனிக்காரர்தான். கைப்பையிலிருந்து கண்மைப் பென்சிலை எடுத்துக் கம்பியில் ஒரு கோடு போட்டு, இங்கே என்று காட்டினார். கிழவர் கோட்டைப் பார்த்தார், என் தோளைப் பார்த்தார், ரம்பத்தை எடுத்தார். அறுத்துத் திரும்பப் பூட்டியபிறகு நான் பிடித்தபோது தோள் தானாகக் கீழே இறங்கியது. அதுவரை அது தூக்கிக்கொண்டிருந்ததே எனக்குத் தெரியவில்லை.

போகும்போது கிழவர் அவரிடம், உள்ளூர் கம்யூனிட்டி காலேஜில் கார் பாடி வேலைக்கு வகுப்பு உண்டு, வேலை செய்யத்தானே உங்களுக்கு அனுமதி இல்லை, படிக்கலாமே என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த செமஸ்டரே சேர்ந்தார். வகுப்பில் அவர் ஒருவர்தான் பெண். இரண்டாயிரத்தில் கிரீன் கார்டு வந்ததும் அந்தத் துறையிலேயே வேலைக்குப் போய், பிறகு கேட்டி என்ற ஊருக்கு மாறி, அங்கே சொந்தமாக ஒரு பட்டறை வைத்ததாகக் கேள்விப்பட்டேன். அங்கே யாருடைய காரை என்ன பாடு படுத்தினாரோ.

டிரைவிங் டெஸ்ட்டில் எனக்கு முதல் தடவை ஃபெயில். பதற்றத்தில் பிரேக்கை ஒரே தள்ளாகத் தள்ளி, பரிசோதகர் அம்மாள் டாஷ்போர்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வந்தார். இரண்டாவது தடவை பாஸ். வீட்டுக்கு வந்து பார்த்தால், கொடுத்த தற்காலிக லைசென்ஸ் தாளில் கீழே ஒரு கட்டுப்பாடு அச்சடித்திருந்தது. கைகளால் இயக்கும்படி அமைத்த வண்டியை மட்டுமே இவர் ஓட்டலாம். இதையும் எழுதி வைத்துவிட்டார்களா என்று எனக்குப் பொசுக்கென்று ஆகிவிட்டது. தாளை அவரிடம் காட்டினேன்.

அவர் எழுத்துக்கூட்டிப் படித்தார். இன்னொரு தடவை படித்தார்.

"அண்ணா, உங்களுக்குன்னு கட்டுன வண்டியத்தான் நீங்க ஓட்டணும்னு போட்டிருக்குது. இதுக்கு ஏனுங்க மொகத்தத் தொங்கப் போடறீங்க? எங்களுக்கெல்லாம் கம்பெனிக்காரன் குடுத்தத ஓட்டிட்டுப் போன்னு விட்டுட்டான்."

மார்ச் முதல் ஞாயிற்றுக்கிழமை, பழக்கத்துக்காகப் புது ஆபீஸ் வரை ஓட்டிப் பார்த்தேன். பக்கத்தில் அவர் கணவர், பின்சீட்டில் அவரும் குழந்தையும். ஃப்ரீவேயில் லாரிகள் இடித்துத் தள்ளுகிற மாதிரி கடந்து போயின. மலை ஏற்றத்தில் கைப்பிடியை இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். கண்ணாடியில் பார்த்தேன். அவர் சாலையைப் பார்க்கவில்லை, என் தோளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆபீஸ் பார்க்கிங்கில் ஒரு ஈ காக்காய் இல்லை. இறங்கி நின்று கட்டடத்தைப் பார்த்தோம்.

"நாளைக்கும் வேணும்னா அவரு கூட வரட்டுங்களா? ஒரு நாளைக்குத்தானே, லீவு போடுவாரு," என்றார்.

"வேண்டாம்மா. தனியா வந்துடுவேன்."

"நானும் அதத்தான் சொல்லலாம்னு இருந்தேன். நீங்க கோவிச்சுக்குவீங்களேன்னு கேட்டேன்."

திங்கட்கிழமை இருபது நிமிஷம் முன்னதாகவே போய்ச் சேர்ந்துவிட்டேன். எஞ்சினை அணைத்துவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். அழுகை வந்தது, அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. பக்கத்தில் காரை நிறுத்திய ஒரு சக ஊழியன் ஜன்னலைத் தட்டி, உன்னை யார் கொண்டுவந்து விட்டது என்று கேட்டான்.

"யாரும் விடலை," என்றேன். "நானே வந்தேன்."